தாலந்தைப் புதைப்பது எப்படி? திண்டுக்கல் வட்டாரத்தாருக்கு ஒரு கையேடு

கடவுள் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பது நம் ஊரில் எல்லா மதத்தாரும் ஒத்துக்கொள்கிற விஷயம். ஒருவருக்குக் குரல், ஒருவருக்குக் கைவேலை, ஒருவருக்குக் கணக்கு, இன்னொருவருக்கு வீம்பு பிடித்து அழுகிற குழந்தையை இரண்டே நிமிடத்தில் சிரிக்கவைக்கிற சாமர்த்தியம். கொடுத்ததை நல்லபடியாகப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்லித்தரவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. புனித வளனார் பேராலயத்தில் ஞாயிறுதோறும் சொல்கிறார்கள். கோட்டை மாரியம்மன் கோவில் மாசித் திருவிழா மேடையில் சொல்கிறார்கள். பேகம்பூர்ப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை சொல்கிறார்கள். கொடுத்ததைப் பாழாக்குவது எப்படி என்பதைத்தான் முறையாகச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. அவரவர் தட்டுத்தடுமாறித் தாமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு.

பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேண்டும், அவரை எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும். ஜன்னல் இல்லாதவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கைத் தப்பாகப் போடப் பழகுங்கள்

இந்தக் கலைக்கு மூல நூல் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம். எஜமான் ஒருவர் வெளியூர் புறப்படும்போது மூன்று வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, அவரவர் திறமையைப் பார்த்து, ஒருவனுக்கு ஐந்து தாலந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று என்று ஒப்படைத்துவிட்டுப் போகிறார். முதல் இருவரும் வியாபாரம் பண்ணி இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறான். பிரசங்கத்தில் இதைக் கேட்கும்போதெல்லாம் நாம் அந்த மூன்றாமவனை, பாவம், கையில் ஒற்றை நாணயத்தோடு நின்ற பரிதாபமான ஆள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

தாலந்து நாணயமே அல்ல. அது ஒரு எடை. வெள்ளியாக நிறுத்தால் ஏறக்குறைய 6,000 தெனாரியம் பெறும். தெனாரியம் என்பது அந்தக் காலத்துக் கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளம். ஆக, ஒரு தாலந்து என்றால் 6,000 நாள் கூலி. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கழித்தால் கிட்டத்தட்ட இருபது வருஷ உழைப்பு. நம்மூரில் நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 42 லட்சம் வருகிறது. குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வந்தானே, அது 42 லட்சம் ரூபாய். அடுத்தவனிடம் 84 லட்சம், அதற்கு அடுத்தவனிடம் 2 கோடியே 10 லட்சம்.

இங்கேதான் நுணுக்கம். 42 லட்சத்தைத் தனியாக வீட்டுக்குள் உட்கார்ந்து எண்ணக் கூடாது. எண்ணினால் கை நடுங்கும், என்ன தொழில் பண்ணலாம் என்று யோசனை ஓடும், காரியம் கெட்டுவிடும். எப்போதும் 2 கோடியே 10 லட்சத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் எண்ண வேண்டும். அப்போதுதான் அது சில்லறையாகத் தெரியும், மண்வெட்டி தேட மனசு வரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவன் பயத்தில் புதைத்ததாகத்தான் வேதத்தில் இருக்கிறது. மற்ற இருவரின் பையை எட்டிப் பார்த்ததாக எங்கேயும் இல்லை. நம்ம ஊர்க்காரனாக இருந்திருந்தால் பார்த்திருப்பான்.

அதே அதிகாரத்தில் நம் கட்சிக்கு இடைஞ்சலான ஓர் இடமும் உண்டு. எஜமான் திரும்பி வந்து ஐந்து தாலந்துக்காரனைப் பாராட்டுகிறார், பிறகு இரண்டு தாலந்துக்காரனைப் பாராட்டுகிறார். இரண்டு பாராட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான். பத்தாக்கியவனுக்குப் பொன்னாடை, நான்காக்கியவனுக்குக் கதர்த் துண்டு என்கிற பாகுபாடு கிடையாது. நம் ஊர் ஆண்டுவிழா மேடைகளில் இப்படியொரு அநியாயம் நடக்குமா? இந்த வசனங்கள் வரும்போது பக்கத்தைச் சட்டென்று திருப்பிவிடுங்கள்.

பூட்டுத் தொழிலாளருக்கு

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டைத் தொடாமல் கையேடு எழுத முடியாது. மலைக்கோட்டையின் நிழலில், நாகல் நகரிலும் சுற்றியுள்ள பட்டிகளிலும் வீட்டுக்கு வீடு பட்டறை போட்டுக் கையாலேயே பூட்டு செய்த ஊர் இது. மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கிற பூட்டு, இரண்டு சாவி போட்டால்தான் திறக்கிற பூட்டு. கள்ளச்சாவி போட்டவனின் விரலைப் பதம் பார்க்கிற பூட்டுகூட இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நீங்கள் அப்படிப்பட்ட பட்டறைக்காரரானால், காலையில் அரத்தைக் கையில் எடுக்கும் முன் அலிகாரை நினைத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் இருக்கிற அந்த ஊரில் இயந்திரங்கள் ஒரு நாளில் அடித்துத் தள்ளுகிற பூட்டுகளை மனசுக்குள் எண்ணுங்கள். பிறகு உங்கள் கைகளை எண்ணுங்கள். இரண்டு. அடுத்தது விலை. அந்தப் பூட்டு என்ன விலைக்கு உங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே தொங்குகிறது என்று தினம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போதாக்குறைக்குப் பஞ்சாமிர்தத்தையும் நினைக்கலாம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அதே 2019-இல்தான் புவிசார் குறியீடு வந்தது. அதற்கு ஜனங்கள் வரிசையில் நின்று டப்பா டப்பாவாக வாங்குகிறார்கள், உங்கள் பூட்டுக்கு யாராவது வரிசையில் நிற்கிறார்களா? கேட்டுக்கொள்ளுங்கள். அரம் தானாகவே கையை விட்டு நழுவும்.

உங்கள் பூட்டு யாருக்கு உதவுகிறது என்பதை மட்டும் மறந்தும் நினைக்காதீர்கள். நகையைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகிற ஒரு அம்மா, இந்தப் பூட்டைத் தொங்கவிட்டு, ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, நிம்மதியாகப் பஸ் ஏறுகிறாள். இழுத்துப் பார்க்கும்போது அவள் அலிகாரையும் நினைக்கவில்லை, உற்பத்திக் கணக்கையும் நினைக்கவில்லை. அந்த முகம் உங்கள் ஞாபகத்துக்கு வந்தால் கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

இன்னொரு காரியம், இது கொஞ்சம் உள்விவகாரம். பூட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல் தகட்டைக் கழற்றினால் உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே அச்சில் கோத்திருக்கும். அவைதான் லீவர். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வில், நடுவில் ஒரு காடி. சாவியின் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், படிக்கட்டு மாதிரி மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கும். சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு படியும் தன் பங்கு லீவரை மட்டும் அதற்கென்று வைத்த உயரத்துக்குத் தூக்குகிறது. ஒன்று ஒரு நூல் எழும்பும், அடுத்தது இரண்டு நூல், அதற்கடுத்தது மயிரிழை. எல்லாக் காடிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும் அந்த ஒரு கணத்தில் தாழ்க்கட்டையின் முளை உள்ளே வழுக்கிக்கொண்டு போகிறது, பூட்டு திறக்கிறது. ஒரு லீவர் கொஞ்சம் குறைவாக எழுந்தாலும் திறக்காது. இதைச் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. கொஞ்சம் அதிகமாக எழுந்தாலும் திறக்காது என்பதைத்தான் நம்ப மாட்டார்கள். முளை காடியின் கீழ் விளிம்பில் இடித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? லீவர்களுக்குள் சமநீதி கொண்டுவாருங்கள். 'முதல் லீவர் இத்தனை உயரம் எழும்புகிறதே, எனக்கு மட்டும் மயிரிழைதானா' என்று மூன்றாவது லீவர் கேட்கிறதல்லவா, அதன் நியாயத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு எழும்புகிற மாதிரி ராவிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்கும். வளைத்த தகரத் துண்டு ஒன்று கையில் இருந்தால் தெருவில் போகிற எவனும் அதைத் திறந்துவிடலாம் என்பது ஒரு சின்ன அசௌகரியம். லீவர்கள் ஒன்றுக்கொன்று வேறு வேறு உயரத்தில் எழும்புவதுதான் பூட்டுக்குக் காவலே. பட்டறைக்காரர்களுக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும். வீட்டுக்கு வந்து தன் பிள்ளையை அண்ணன் பிள்ளையோடு நிறுத்தி உயரம் பார்க்கும்போதுதான் அவர்களுக்கும் மறந்துபோகிறது.

பிள்ளை பெற்றவர்களுக்கு

பிள்ளையின் பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடலாம். இதில் நம் மக்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர எதுவுமில்லை. ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியவர்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று காலை, தன் பிள்ளையின் மார்க்கைப் பார்ப்பதற்கு முன்பே எதிர்வீட்டுப் பிள்ளையின் ரோல் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிற பெற்றோர்கள் இருக்கும் ஊர் இது. தேர்ச்சிக்காக ஒரேயொரு பாடம் மட்டும் தருகிறேன். பழனி ரோட்டில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபம், இரண்டாம் பந்தி.

"என்னம்மா, உம் மக என்ன பண்றா?"

"தையல் படிச்சிட்டு வீட்டோட பிளவுஸ் தைக்கிறா சித்தி. ஆரி ஒர்க்கும் போடுறா."

"அப்படியா... சரி சரி. எங்க பெரியவ மக பெங்களூருல ஐ.டி.ல இருக்காள்ல? இப்ப கனடா போகப்போறா."

இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அப்பளத்தை நொறுக்கியபடியே, "அதுக்கெல்லாம் கொடுத்துவச்சிருக்கணும் சித்தி" என்று சொல்ல வேண்டும். ராத்திரி வீட்டுக்குப் போனதும் கனடா என்கிற வார்த்தையை மகள் காதுபட மூன்று முறையாவது உச்சரிக்க வேண்டும். அன்றைக்கு மேடையில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்களே, மணப்பெண்ணின் அந்த பிளவுஸ், அதைப் பதினைந்து நாள் கண் விழித்துப் போட்டது உங்கள் மகள்தான் என்பதை மட்டும் சித்தியிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் சித்தி அடுத்த நிமிடமே அளவு கொடுக்கக் கிளம்பிவிடுவார்.

சபைக்குப் போகிறவர்களுக்கு

சபையில் கீபோர்டு வாசிக்கிறவரையும் ஸ்பெஷல் பாட்டு பாடுகிறவரையும் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் நடக்க முடியாத பாட்டிகளை ஞாபகம் வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆட்டோ அனுப்பி, கைத்தாங்கலாக இறக்கி உட்காரவைக்கிற ஒருவர் கடைசி வரிசையில் இருப்பார். அவரைத்தான் பிடிக்க வேண்டும். "அண்ணே, உங்களுக்கு ஆண்டவர் ஒரு தாலந்தும் கொடுக்கலையாண்ணே? ஒரு பாட்டுகூடப் பாட மாட்டேங்கிறீங்களே" என்று பாசமாக விசாரியுங்கள். இரண்டு ஞாயிறு தொடர்ந்து கேட்டால் போதும். மூன்றாவது ஞாயிறு அவர் மைக் பிடித்திருப்பார். பாட்டிகள் வீட்டில் இருப்பார்கள். சுருதி எங்கே இருக்கும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

இதற்கெல்லாம் நமக்கு முன்னோடி பேதுருதான். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், தனக்கென்று ஒரு வேலையைக் கையில் வாங்கிய சூட்டோடு சூடாக, பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு சீடனைத் திரும்பிப் பார்த்து இவன் விஷயம் என்ன ஆகும் என்று விசாரிக்கிறார். அதைப் பற்றி உனக்கென்ன என்கிற தோரணையில் பதில் கிடைத்தது. அப்போஸ்தலருக்கே கிடைத்த பதில் அது. நமக்கெல்லாம் அதுகூடக் கிடைக்காது.

விவசாயிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் சுருக்கமாக

சிறுமலை வாழையும் விருப்பாட்சி வாழையும் மலையில்தான் தம் ருசியோடு விளையும். குளிர்ச்சியும் மலை மண்ணும் கேட்கிற வாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது விருப்பாட்சிதான். நீங்கள் அதைக் கீழே கொண்டுவந்து நட்டு, பக்கத்துத் தோட்டத்து ரொபஸ்டா மாதிரி தார் போடவில்லையே என்று தினமும் திட்டிக்கொண்டே தண்ணீர் பாய்ச்சுங்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இன்றைக்கு எந்தக் காய்க்கு நல்ல விலை என்று கேட்டு, நாளைக்கே அதையே எல்லோரும் சேர்ந்து விதைத்து, மூன்று மாதம் கழித்து ரோட்டில் கொட்டுகிற முறையும் கைவசம் இருக்கிறது. அதற்குத் தனிக் கையேடு வேண்டாம்.

பிரியாணிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1957-இல் நாகசாமி நாயுடு இந்த ஊரில் ஆனந்த விலாஸ் என்று ஒரு பிரியாணிக் கடை வைத்தார். சீரகச் சம்பா அரிசி, சொந்தப் பக்குவத்தில் மசாலா, பார்த்துப் பார்த்து எடுத்த கறி. அவர் தலையில் எப்போதும் ஒரு தலைப்பாகை இருந்ததால் ஜனங்கள் கடையைத் தலப்பாக்கட்டி என்றே அழைத்தார்கள். நீங்கள் அவருடைய அரிசியையும் கறியையும் ஆராய்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். தலைப்பாகையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். போர்டில் ஒரு தலைப்பாகைப் படம் போதும். உங்கள் பாட்டி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தால் மூன்று தெருவுக்கு மணக்குமே, அந்தக் கைப்பக்குவம் வீட்டோடு போகட்டும்.

எழுதுகிறவர்களுக்கு: வத்தலகுண்டைத் தவிர்க்கவும்

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. ஒப்பிட்டு ஒப்பிட்டு மனசு நொந்துபோக நம் மாவட்டத்திலேயே வத்தலகுண்டைவிடத் தோதான இடம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் நம் விதிகள் அத்தனையையும் மீறியிருக்கிறார்.

வத்தலகுண்டில் 1872-இல் பிறந்தவர் பி.ஆர். ராஜமையர். இருபது வயதைத் தாண்டியதும் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினார். தமிழ் நாவலின் வரலாற்றை எங்கே தொடங்கினாலும் முதல் சில வரிகளுக்குள் அவர் பெயர் வந்துவிடும். 1896-இல் 'பிரபுத்த பாரத' ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியரானார். 1898-இல், 26 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். அதே ஊரில் 1905-இல் பிறந்தவர் பி.எஸ். ராமையா. 'மணிக்கொடி' சிறுகதைப் பத்திரிகையாக மாறியபோது அதன் ஆசிரியர். நூற்றுக்கணக்கில் கதை எழுதினார், சினிமாவுக்கு எழுதினார், 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' என்று மேடை நாடகங்கள் எழுதிக் கைத்தட்டல் வாங்கினார். 1982-இல் 'மணிக்கொடி காலம்' நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார்.

மூன்றாமவர் சி.சு. செல்லப்பா. 1912-இல் பிறந்து, வத்தலகுண்டில் வளர்ந்தவர். நம் கையேட்டின்படி அவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு பக்கம் 26 வயதுக்குள் காவியமாகிவிட்ட ஊர்ப் பெரியவர். இன்னொரு பக்கம் மேடை, சினிமா என்று பெயர் அடிபடுகிற ஏழு வயது மூத்தவர். திண்ணையில் உட்கார்ந்து, "எல்லாம் நேரம்" என்று பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சம் ராமையாவுக்குச் சினிமா வாய்ப்பு எப்படிக் கிடைத்தது என்று நான்கு பேரிடம் கிசுகிசுத்திருக்கவாவது வேண்டும்.

அவர் 1959-இல் 'எழுத்து' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். விமரிசனம், புதுக்கவிதை என்று அன்றைக்கு எவரும் காசு கொடுத்து வாங்காத சரக்கு. விற்பனை பெரிதாக இல்லை. நிறுத்தவும் இல்லை. 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். இன்று தமிழில் புதுக்கவிதை எழுதுகிறவர் எவரானாலும் அந்த 119 இதழ்களுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறார். தான் போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'வாடிவாசல்' கதையில் ஜல்லிக்கட்டுக் காளையும் மனிதனும் நேருக்கு நேர் நிற்கிற அந்த நேரத்தை அவரைப்போல் எழுதியவர் இல்லை; பல நாவல்கள் எழுதிய பெரிய ஆள்களுக்கும் அது கைவரவில்லை. இதைவிட மோசம், பிற்காலத்தில் உட்கார்ந்து 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஒரே ஊர்க்காரன், தன்னைவிட அதிகம் கைத்தட்டல் வாங்கியவன், அவன் கதைகளின் நயத்தை எடுத்துச் சொல்ல ஒரு புத்தகம்! 1998-இல் செல்லப்பா காலமானார். சாகித்திய அகாதெமி விருது 2001-இல், 'சுதந்திர தாகம்' நாவலுக்காக, அவர் இல்லாத வீட்டுக்கு வந்தது. உயிரோடு இருந்திருந்தால்கூட யாருக்கு எந்த வருஷம் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுத விரும்பி, எழுதாமல் தப்பிக்க வழி தேடுகிறவர்கள் வத்தலகுண்டு பக்கம் போகவே கூடாது. பஸ் அந்த வழியாகத்தான் கொடைக்கானலுக்குப் போகும் என்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

பெரிய வீட்டில் பிறந்தவர்களுக்கு

ஒப்பிடுவதற்குக் கீழே நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஐந்து தாலந்தோடு பிறந்தவர்களும் தாராளமாகச் செய்யலாம். டி.எஸ். சௌந்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் அய்யங்காரின் மகள். தென் தமிழ்நாட்டில் பஸ் ஏறியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குடும்பம். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு மூலையில் உட்கார்ந்து, அண்ணன் தம்பிகளின் ஆளுகையைப் பார்த்துப் பெருமைப்பட்டோ பொருமியோ காலத்தைத் தள்ளியிருக்கலாம். இரண்டுமே நம் கையேட்டுக்குச் சம்மதம்தான். அவர் டில்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்து 1936-இல் பட்டம் வாங்கினார். காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவரும் சேர்ந்து சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பெரிய நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி கட்டுகிற வசதி பிறந்த வீட்டில் இருந்தும், நெசவாளர் ஊரில் பிரசவம் பார்க்க உட்கார்ந்துவிட்டார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்று சொல்கிறவர்களை இன்றும் எளிதாகப் பார்க்கலாம்.

பஸ் கம்பெனியோடு பிரசவ ஆஸ்பத்திரியை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தராசு கிடைக்கவில்லை. அதனால் இந்த அத்தியாயத்தைப் பாதியிலேயே விட்டுவிடுகிறேன்.

கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள்

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போனால் முன்னால் போகிறவரின் வேகத்தை மட்டும் பார்த்து நடங்கள். ஒட்டன்சத்திரத்துக்குள் கால் வீங்கிவிடும். மல்லிகை கட்டுகிறவர்கள், நிலக்கோட்டை மார்க்கெட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் விரலைப் பார்த்துக்கொண்டே கட்டுங்கள், பூ உதிரும். வாத்தியார்கள், உங்கள் பழைய மாணவன் கலெக்டரானதைப் பற்றி மட்டும் பேசுங்கள். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாமல் வந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்து, இன்று பேங்கில் தன் பெயரைத் தானே எழுதுகிற அந்த அம்மாளைப் பற்றிப் பேச்சு எடுக்காதீர்கள். கலெக்டர் கணக்கில் சேருவார், அந்த அம்மாளை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இத்தனை சொல்லியும் பலிக்கவில்லை, இன்னமும் கையில் இருக்கிற வேலையைச் செய்யத்தான் மனசு வருகிறது என்பவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை. அவர்கள் கையேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்; அடுத்தவருக்குப் பயன்படும்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள், இது கிண்டலில்லை. அடுத்த முறை திண்டுக்கல் வரும்போது பிரியாணி சாப்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். கையால் செய்த பூட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் போய் ஒன்று வாங்குங்கள். அலிகார் விலையைச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம். அதோடு வருகிற சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டுக்கு மாற்றுச் சாவி போடுவது லேசான வேலை இல்லை.